கையைக் கடிக்காமல் ஒரு கடலடிக் கேமரா வாங்குவது எப்படி

டைவிங் போக அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு டிக்கெட் போட்ட கையோடு நண்பர்கள் எனக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "முப்பதாயிரத்துக்குள்ள ஒரு நல்ல அண்டர்வாட்டர் கேமரா சொல்லு." நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒரே கேள்விதான். எத்தனை மீட்டர் இறங்கப் போகிறாய்?

ஏனென்றால் கடையில் 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருக்கும் பாதிப் பொருட்கள் நீச்சல் குளத்துக்கும் மழைக்கும்தான். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. மேலே 1 என்றால் 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. அந்த அழுத்தம் கேமராவின் கதவு, கண்ணாடி, பொத்தான் எல்லாவற்றையும் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். தாங்கும் எல்லையை நெருங்கினால் முதலில் பொத்தான்கள் தாமாகவே அமுங்கிக்கொண்டு மேலே வராது, அப்புறம்தான் தண்ணீர் வழி தேடும்.

ஆகவே முதலில் உங்கள் டைவிங் சான்றிதழைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாத அறிமுக டைவ் என்றால் 12 மீட்டர், ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சி முடித்தவருக்கு 18, அடுத்த நிலையான அட்வான்ஸ்டுக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40. உங்களுக்கு அனுமதியுள்ள ஆழத்தைவிடக் குறைந்தது பத்து மீட்டராவது கூடுதலாகத் தாங்குவதை வாங்குங்கள். 18 மீட்டர் டைவருக்கு 18 மீட்டர் கேமரா சரியாகத்தானே பொருந்துகிறது என்று தோன்றும், ஆனால் ஒரு மீனைப் பின்தொடர்ந்து ஒன்றரை மீட்டர் கூடுதலாக இறங்கிவிடுவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும், படகிலிருந்து எட்டு வைத்துக் குதிக்கும்போது தண்ணீர் அடிக்கும் அடியும் அந்த 18-க்குள் கணக்கில் வராது.

யார் இப்போதைக்கு வாங்க வேண்டாம்

அறிமுக டைவ் மட்டும் செய்யப் போகிறவர்கள் வாங்க வேண்டாம். அதில் இன்ஸ்ட்ரக்டர் உங்கள் டேங்கைப் பிடித்துக்கொண்டேதான் கூட்டிப்போவார், பெரும்பாலும் உங்கள் கையில் கேமரா தரவும் மாட்டார்கள், நிறைய இடங்களில் அவர்களே படமும் வீடியோவும் எடுத்துத் தந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு டைவ் போகலாம்.

இப்போதுதான் ஓப்பன் வாட்டர் முடித்திருக்கிறீர்களா? முதல் இருபது டைவுக்குக் கேமரா இல்லாமல் இறங்குங்கள் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். பாயன்சி, அதாவது ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் மிதந்து நிற்கும் பழக்கம், கைக்கு வராதவர் கையில் கேமரா இருந்தால் அவர் கண் திரையில் இருக்கும், காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இருக்கும். ஐம்பது வருடம் வளர்ந்த பவளக் கிளை ஒரு உதையில் போய்விடும். அதைவிட முக்கியம், படம் ஆடாமல் வரவேண்டும் என்று மூச்சை அடக்குவார்கள். ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதுதான், அடக்கியபடி சற்று மேலே ஏறினால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

போன் இருக்கிறதே, போதாதா?

தண்ணீர் தாங்கும் தரக்குறியான ஐபி68 பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் செய்வது. இப்போதைய ஐபோன்களுக்கு 6 மீட்டர், அரை மணி நேரம். பல சாம்சங் போன்களுக்கு ஒன்றரை மீட்டர்தான். உப்பு நீர் அந்தக் கணக்கில் இல்லை, தண்ணீர் புகுந்தால் வாரண்டியும் கிடையாது. கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பை பற்றிப் பேசவே வேண்டாம்; 10 மீட்டரில் அதற்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிப் பை போனோடு ஒட்டிக்கொள்ளும், திரையும் தொடுதலுக்குக் கேட்காது.

போனுக்கென்றே செய்த கெட்டியான ஹவுசிங்குகள், அதாவது தண்ணீர் புகாத கூடுகள், உண்டு. சீலைஃப் நிறுவனத்தின் ஸ்போர்ட்டைவர் 40 மீட்டர் வரை போகும். உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு, கசிவு இருக்கிறதா என்று தண்ணீரில் இறங்கும் முன்பே காட்டிக்கொடுக்கும் வசதி அதில் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். நல்ல போன் வைத்திருப்பவர்களுக்கு வீடியோ உண்மையிலேயே அழகாக வரும். எனக்கு ஒரே தயக்கம்: வங்கி, டிக்கெட், வீட்டாரின் எண்கள் எல்லாம் இருக்கும் ஒரே பொருளை ஒரு ரப்பர் வளையத்தை நம்பிக் கடலுக்குள் கொண்டுபோவது. பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் அதைப் போட்டு இறங்குங்கள், நல்ல யோசனைதான். ஆனால் ஹவுசிங் வாங்கும் முன் அந்தப் போன் அதற்குள் பொருந்துமா என்று பட்டியலில் பாருங்கள்.

ஆக்‌ஷன் கேமரா: பெரும்பாலானவர்களுக்கு இது போதும்

வருடத்துக்கு ஒரு பயணம், நாலைந்து டைவ், ஆமை வந்தால் ஆமை, பாரைக் கூட்டம் வந்தால் பாரைக் கூட்டம், கூட வந்தவர்கள் கையசைப்பது, இதுதான் வேண்டும் என்றால் ஆக்‌ஷன் கேமராவைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். கோப்ரோ ஹீரோ வரிசையில் 5 முதல் 13 வரை எல்லாமே வெறும் உடம்போடு 10 மீட்டர்தான் தாங்கும், ஹவுசிங் போட்டால் 60 மீட்டர். டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 வெறும் உடம்போடு 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர், இரண்டுக்குமே 60 மீட்டர் ஹவுசிங் உண்டு. இந்திய விலை கடைக்குக் கடை மாறும். புது மாடல் வந்த பிறகு முந்தைய மாடலின் விலை நன்றாக இறங்கும். கடலுக்கடியில் இரண்டு வருடப் பழைய மாடலுக்கும் புதியதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் குறைவு, ஆகவே பழையதை வாங்கி மீதிப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

'ஹவுசிங் இல்லாமலே 18 மீட்டர்' என்ற வரியை நம்பி ஹவுசிங்கை விட்டுவிடாதீர்கள். அந்த எண் கேமரா புதிதாக, கதவு சரியாக மூடி, ரப்பரில் ஒரு மணல்கூட இல்லாமல் இருக்கும்போது. இரண்டு வருடம் பைக்கிலும் கடற்கரையிலும் அடிபட்ட கேமராவுக்கு அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது. ஹவுசிங் போட்டால் ஒன்றுக்கு இரண்டு தடுப்பு.

இதில் இரண்டு குறை உண்டு, வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இவற்றுக்கு ஃபோகஸ் நிலையானது, ஏறக்குறைய ஒரு அடிக்குக் கிட்டே போனால் படம் மங்கிவிடும். விரல் நகம் அளவு இறாலையோ நூடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தையையோ எடுக்க நினைத்தால் தனியாக மேக்ரோ லென்ஸ் மாட்ட வேண்டும். இரண்டு, தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. வீடியோ, போட்டோ எதில் வைத்து இறங்கப் போகிறீர்கள் என்பதை மேலேயே வைத்துவிட்டு, பொத்தானை மட்டும் வைத்து எப்படி மாற்றுவது என்று வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். பனிரெண்டு மீட்டரில் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் திருக்கை கடந்து போகும்.

சின்ன உயிர்கள்மேல் ஆசை இருந்தால்: டஃப் டிஜி

சிலருக்கு ஆமையைவிட, கடற்சாமந்திக்குள் ஒளிந்திருக்கும் கோமாளி மீனின் கண்ணும், கடல் விசிறியில் ஒட்டியிருக்கும் குட்டி நண்டும்தான் கடல். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். எங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்த செலவில் நடைமுறையில் ஒரே ஒரு வரிசைதான் இருக்கிறது: ஒலிம்பஸ் டஃப் டிஜி. 2017-இல் டிஜி-5, 2019-இல் டிஜி-6, பிராண்டின் பெயர் ஓஎம் சிஸ்டம் என்று மாறிய பிறகு 2023-இல் டிஜி-7. வெறும் உடம்போடு 15 மீட்டர், ஹவுசிங்கோடு 45 மீட்டர்.

மெகாபிக்சல் 12தான், சென்சாரும் சிறியதுதான், எண்களை மட்டும் பார்த்தால் உங்கள் போனே மேல் என்று தோன்றும். ஆனால் லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் பிடிக்கும் மைக்ரோஸ்கோப் முறை இதில் இருக்கிறது. அரிசி மணி அளவு உயிரை வைத்துப் படச்சட்டத்தை நிரப்பிவிடலாம். தவிர, ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலப் பதிவாக, எடுக்க முடியும். கடலடிப் படத்துக்கு இது பெரிய விஷயம், பின்னால் கணினியில் நிறத்தை மீட்டெடுக்கும்போது ஜேபெக் படம் சீக்கிரம் கிழிந்துபோகும், ரா தாங்கும். டிஜி-6-இலும் 7-இலும் ஆழத்துக்கு ஏற்ற ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு, மேலோட்டம், நடு, ஆழம் என மூன்றாகவே உண்டு.

டிஜி-6-க்கும் டிஜி-7-க்கும் இடையே படத்தின் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 7-இல் சார்ஜ் செய்ய யூஎஸ்பி-சி இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஹவுசிங்தான் பொருந்தும். டிஜி-6 நல்ல நிலையில், ஹவுசிங்கோடு, பழையதாகக் கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். புதிது வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கேமராவின் விலையைப் பார்த்து மனம் நிம்மதியடைந்த பிறகு, கம்பெனி ஹவுசிங் அந்த விலையில் பாதிக்கும் மேல் கேட்கும். கேமரா, ஹவுசிங், உபரி பேட்டரி, லைட் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேமரா விலையை மட்டும் ஒப்பிடுவது கல்யாணச் செலவைத் தாலி விலையை வைத்துக் கணக்கிடுவது போல.

நிக்கான் டபிள்யூ300, 30 மீட்டர் தாங்கும், ஹவுசிங்கே தேவையில்லை என்று யாராவது விற்க வருவார்கள். 2017-இல் வந்த கேமரா அது, உற்பத்தி நின்றுவிட்டது, இத்தனை வருடம் கழித்து அதன் கதவு ரப்பர் என்ன நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் வாங்கமாட்டேன். சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7எக்ஸ் போன்றவற்றில் படம் இன்னும் நன்றாக வரும்தான், ஆனால் அவற்றுக்கான நல்ல ஹவுசிங்கின் விலை கேமராவையே தொட்டுவிடும். அது வேறு கட்டுரை.

பணத்தை உண்மையில் எங்கே போடுவது

மீதிப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்: வெளிச்சம்.

ஹேவ்லாக்கில் ஒரு பாறைச் சரிவு, 16 மீட்டர் ஆழம். எனக்கு முன்னால் ஒரு கடல் விசிறி, என் கை இரண்டையும் விரித்த அகலம். பழைய சாக்குப் பை நிறத்தில் இருந்தது. இது செத்துப்போன ஒன்று என்று நினைத்துத் திரும்பப் போனேன். கூட வந்தவர் தன் டார்ச்சை அதன்மேல் திருப்பினார். வட்டம் விழுந்த இடம் மட்டும் குங்குமச் சிவப்பு. டார்ச்சை நகர்த்த நகர்த்த அந்தச் சிவப்பும் கூடவே நகர்ந்தது, விட்டுப்போன இடம் மறுபடியும் சாக்கு நிறமானது. விசிறியின் கிளைகளுக்கு நடுவே வெள்ளைப் பூக்கள் மாதிரி இருந்தவை வாய் திறந்திருந்த பாலிப்புகள். அன்றைக்கு என் கையில் இருந்த கேமராவில் லைட் இல்லை. நான் எடுத்த பன்னிரண்டு படங்களிலும் சாக்குப் பைதான் இருக்கிறது.

காரணம் எளியது. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது. 5 மீட்டரிலேயே சிவப்பு பெருமளவு போய்விடும், 10 மீட்டரை ஒட்டி ஆரஞ்சு, 20-ஐ ஒட்டி மஞ்சள், கடைசியில் நீலமும் பச்சையும் மட்டும் மிஞ்சும். இது கீழ்நோக்கிய கணக்கு மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் அதே கதைதான். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும் மூன்று மீட்டர் தண்ணீரும் நிறத்தைத் தின்னும், கூர்மையையும் தின்னும். ஆகவே கேமரா எதுவாக இருந்தாலும் கிட்டே போங்கள். ஒரு மீட்டருக்குள், முடிந்தால் அரை மீட்டர். ஜூம் செய்யாதீர்கள், ஜூம் தண்ணீரைக் குறைக்காது. வேறொன்றையும் கவனியுங்கள்: தட்டையான கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும், படத்தின் பார்வை அகலமும் குறுகும். டிஜியின் 25 மிமீ அகலக் கோணம் உள்ளே போனதும் 33 மிமீ போல ஆகிவிடும்.

ஆக, என்ன லைட்? வீடியோ எடுப்பவருக்கு, அகலமாகப் பரவும் வீடியோ டார்ச், 1500 முதல் 2500 லூமென், கேமராவைப் பொருத்த ஒரு சின்ன ட்ரே, லைட்டைத் தாங்க அதில் மாட்டும் ஒரு கை. கேவ் டார்ச் மாதிரி ஒரே கூர்மையான கற்றையாக அடிப்பது வேண்டாம், படத்தின் நடுவில் வெள்ளை வட்டம் விழும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மதிய வெயிலில் 6 மீட்டரில் இந்த லைட் பெரிதாக ஒன்றும் செய்யாது, சூரியனோடு அதால் போட்டி போட முடியாது. கொஞ்சம் ஆழத்தில், நிழலான பாறை இடுக்கில், கைக்கெட்டும் தூரத்தில்தான் அதன் வேலை. போட்டோ மட்டுமே உங்கள் ஆசை என்றால் டார்ச்சைவிட ஸ்ட்ரோப், அதாவது தனியாக மாட்டும் ஃபிளாஷ், சிறந்தது. டிஜியின் சொந்த ஃபிளாஷ் ஃபைபர் கேபிள் வழியாக ஸ்ட்ரோபைத் தூண்டும். பலமான கணநேரப் பளிச்சென்ற வெளிச்சம், அசைவும் உறைந்துவிடும். பழைய ஸ்ட்ரோப் ஒன்று வேலை செய்யும் நிலையில் கிடைத்தால் அது புதிய டார்ச்சுக்குச் சமம்.

கேமராவின் சொந்த ஃபிளாஷை மட்டும் நம்பாதீர்கள். மார்கழி விடியலில் பனிமூட்டத்துக்குள் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதேதான் இங்கேயும். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் அத்தனையும் ஃபிளாஷைத் திருப்பி அடித்து, படம் முழுக்கப் பனி பெய்தது மாதிரி வரும், பேக்ஸ்கேட்டர் என்பார்கள். லைட்டைக் கேமராவை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில் வைத்து, வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன்மேல் படும்படி கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். கை என்று சொன்னேனே, அதை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

லைட்டுக்கு இப்போது வழியில்லை என்றால் சிவப்பு ஃபில்டர். சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். ஏறக்குறைய 5 முதல் 20 மீட்டர் வரை, நீலத் தண்ணீரில், வெயில் நன்றாக இருக்கும்போது, சூரியனை முதுகுக்குப் பின் வைத்து எடுத்தால் வீடியோ நன்றாகவே வரும். அதற்குக் கீழே மீட்டெடுக்கச் சிவப்பே மிச்சமில்லை, ஃபில்டர் இருட்டைத்தான் கூட்டும். புதுச்சேரிப் பக்கம் போல் தண்ணீர் பச்சையாக இருக்கும் நாட்களில் சிவப்பைவிட மெஜந்தா ஃபில்டர் பொருந்தும். லைட் போட்டால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் எல்லாம் காவி நிறமாகிவிடும்.

ஒரு தலைமுடி

ஹவுசிங் வாங்குவது பெரிதல்ல, அதை மூடத் தெரிய வேண்டும். நான் முதன்முதலில் வைத்திருந்தது ஒரு சாதாரணக் காம்பாக்ட் கேமரா, தண்ணீர் தாங்காதது, அதற்கென்று வாங்கிய ஒரு ஹவுசிங். இரண்டு டைவுக்கு நடுவே படகில் உட்கார்ந்து பேட்டரி மாற்றினேன், தலை ஈரமாக இருந்தது. அடுத்த டைவில் 14 மீட்டரில் ஹவுசிங்கின் கீழ் மூலையில் கடுகளவு ஒரு துளி. முதலில் நீராவி என்று நினைத்தேன். துளி உருண்டது, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் லென்ஸுக்குக் கீழே ஒரு ஸ்பூன் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. மேலே வந்து திறந்து பார்த்தால் கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குக் குறுக்கே என் தலைமுடி, ஒன்றே ஒன்று. கேமரா அன்றோடு முடிந்தது.

அதிலிருந்து நான் யாருக்கும் சொல்வது: உள்ளே வைக்கும் கேமராவும் தானாகவே தண்ணீர் தாங்குவதாக இருக்கட்டும். டிஜியோ ஆக்‌ஷன் கேமராவோ உள்ளே இருந்தால் ஹவுசிங் கசிந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு இதைவிட நல்ல காப்பீடு கிடையாது. கசிவு தெரிந்தால், லென்ஸ் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கூட வந்தவருக்குச் சைகை காட்டிவிட்டு, வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். ஏறும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதைக் கேமராவுக்காக விட்டுவிடாதீர்கள். மேலே வந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், உப்பு நீர் பட்ட லித்தியம் பேட்டரி சூடாகலாம்.

ஓ-ரிங்கை முதல் நாள் இரவே, அறையில், ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பழைய ஏடிஎம் கார்டின் மழுங்கிய மூலையால் நெம்பி எடுங்கள், ஊக்கு, ஊசி எதுவும் கிட்டே வரக்கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டால் கண்ணுக்குத் தெரியாத மணலும் விரலுக்குத் தெரியும். அது உட்காரும் பள்ளத்தைப் போன் டார்ச் அடித்துப் பாருங்கள், பஞ்சு இழை அங்கேதான் இருக்கும். கிரீஸ் அரிசி அளவு போதும், ரிங் பளபளக்க வேண்டும், வழுவழுவென்று இருக்கக் கூடாது. தண்ணீரைத் தடுப்பது ரப்பர், கிரீஸ் அது புரளாமல் உட்காரத்தான், அதிகமானால் தூசியைத்தான் இழுக்கும். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மட்டும் போடுங்கள், வாசலின் வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை ரிங்கையே மாற்றுங்கள். வாங்கும்போதே உபரி ரிங் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ரிங் கிடைக்காத ஹவுசிங் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

புது ஹவுசிங்கோ பழையதோ, முதல் டைவில் கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்துக் கொண்டுபோங்கள். டிஷ்யூ உலர்ந்து வந்தால் அடுத்த டைவுக்குக் கேமரா. ஒரு டைவ் வீணாகிறதே என்று தோன்றும், ஆகாது, கண்ணால் பார்த்துவிட்டு வருவீர்கள்.

உள்ளே நீராவி படிந்து படம் மங்கினால் அது கசிவு இல்லை. கேமரா சூடாகி, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிவது. ஏசி அறையில் மூடி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், படகில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

பழையது வாங்கும்போது

விற்பவரிடம் கேமராவை மட்டும் கேட்காதீர்கள், ஹவுசிங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பள்ளத்தில் கீறல் இருக்கிறதா, கீல் பக்கம் மயிரிழை விரிசல் இருக்கிறதா, ஒவ்வொரு பொத்தானும் அமுக்கினால் உடனே துள்ளி மேலே வருகிறதா என்று பாருங்கள். பேட்டரிக் கதவின் உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் ஏற்கெனவே உப்பு நீர் புகுந்திருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாக எப்போது ரப்பர் மாற்றினார்கள் என்று கேளுங்கள், "அதெல்லாம் மாற்றவே தேவையில்லை" என்று சொன்னால் விலையில் இன்னும் குறைக்கச் சொல்லலாம், ஏனென்றால் மாற்றும் செலவு உங்களுடையது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரர் வரும்போது வாங்கிவரச் சொல்வது நம் வழக்கம்தான், விலையும் குறையலாம். வாரண்டி இங்கே செல்லுமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

பேட்டரிகள் எல்லாம் கைப்பையில், செக்-இன் பெட்டியில் உபரி லித்தியம் பேட்டரி போகக் கூடாது. விமானத்தில் ஹவுசிங்கை இறுக்கி மூடாதீர்கள், ரிங்கைக் கழற்றித் தனியே வையுங்கள், இல்லையென்றால் இறங்கிய பிறகு அழுத்த வேறுபாட்டால் ஹவுசிங் திறக்க மறுக்கும். கேமராவை லேன்யார்டு கயிற்றில், நீங்கள் போடும் மிதவை ஜாக்கெட்டான பிசிடியோடு கோத்துவிடுங்கள். பல கேமராக்கள் ஹவுசிங்கோடு மூழ்கும், கையை விட்டால் போனதுதான். ஒரு நாளின் எல்லா டைவுக்கும் ஒரே பேட்டரி போதும்படி பார்த்துக்கொண்டால் படகில் திறக்கவே வேண்டியிருக்காது. அப்படியும் திறந்தே ஆக வேண்டுமென்றால் தலையைத் துவட்டிவிட்டு, காய்ந்த துண்டை மடியில் விரித்துத் திறங்கள்.

டைவ் முடிந்ததும் படகில் எல்லோருடைய பொருளும் கிடக்கும் பொதுத் தொட்டியில் கேமராவைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மேலே டார்ச்சும் ரெகுலேட்டரும் விழுந்து இடித்துக் கொக்கி திறந்துகொண்டு, கடலில் பிழைத்த கேமரா ஒரு அடித் தண்ணீரில் போனதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துண்டில் சுற்றி எடுத்துவந்து, அறையில் தனி வாளியில் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள், தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு பொத்தானையும் பத்துப் பதினைந்து முறை அமுக்குங்கள், இடுக்கில் இருக்கும் உப்பு அப்போதுதான் வெளியே வரும். குழாயைத் திறந்து வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். நிழலில் உலரவிட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு திறந்து, அன்றைய படங்களை அன்றிரவே வேறொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.